பெட்டை உனக்கு, கிடா எனக்கு

அம்பாசமுத்திரம்
3.8.2025

அன்புள்ள ஜனாபா,

நீயும் உன் வீட்டுக்காரர் அசன் மைதீனும் சுகம்தானே? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் என் காதுக்காக நீ கத்துவதைப் பத்தமடைத் தெரு முழுக்க நின்று கேட்கிறதாம். நமக்குக் கடிதம்தான் லாயக்கு.

என் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆன வயிற்றில் ஆட்டுப்பால் ஒன்றுதான் தங்குகிறது. ஐந்து வருஷமாக விடியுமுன் எழுந்து கறக்கிறேன், புழுக்கை அள்ளுகிறேன், அகத்திக்கீரைக்கு அலைகிறேன். பள்ளிக்கூடத்தில் அறுபது பிள்ளைகளை மேய்த்தபோதுகூட இப்படி இடுப்பு விட்டுப்போனதில்லை. ரிட்டயரானால் காலை நீட்டி உட்காரலாம் என்று எவள் சொன்னாளோ!

பஸ்ஸில் கடலைப் புண்ணாக்கு ஒரு மூட்டை கொடுத்துவிட்டேன். என் பங்குக் கிடாக்கள் மூன்றுக்கும் பிரித்துப் போடு. மூத்த கிடா தாசில்தாருக்கு இப்போது நாலு வயதாகிறது, நல்ல தாடி இருக்குமே. தாசில்தார், சர்வேயர், ஓவர்சியர் என்று என் வீட்டுக்காரர் ரெவின்யூ ஆபீஸ் ஞாபகத்தில் வைத்த பெயர்கள் எவ்வளவு பொருத்தம் பார். ஒரு போட்டோ அனுப்பு என்றால் அனுப்பவே மாட்டேன் என்கிறாய்.

ஊரில் குட்டிப் பங்கு பேசி வாரத்துக்கு ஆடு விட்டால் குட்டிகளை மாற்றி மாற்றிப் பிரிப்பார்கள். நாம் மட்டும்தான், இங்கே ஈன்ற குட்டிகளைப் பால் மறந்ததும் உன்னிடம் அனுப்பி, பெட்டை உனக்கு, கிடா எனக்கு என்று பிரித்தோம். கிடாக்கள் என் பேரில் இருந்தால் கத்திக்குப் போகாது. அந்த நிம்மதியில்தான் தினமும் அந்தப் பாலை அவருக்கு ஆற்றிக் கொடுக்கிறேன்.

உன் அக்கா,
சொர்ணாம்பாள்


பத்தமடை
11.8.2025

அன்புள்ள டீச்சரக்காவுக்கு,

உங்கள் சத்துணவுக்கூடத்து ஜனாபா எழுதுவது. மூட்டை வந்தது. அல்லாஹ் கிருபையில் மகன் சல்மான் ஃபாரிஸுக்குப் பெண் பிறந்திருக்கிறது. அர்வா என்று பெயர் வைக்கப் போகிறோம். சவூதியில், தம்மாமில் வேலை போய் அவன் வீட்டில் இருக்கிறான். வந்தது நல்ல நேரமா கெட்ட நேரமா என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

பிள்ளைக்கு அகீகா கொடுக்க வேண்டும். பெண்பிள்ளைக்கு ஒரு ஆடு அறுத்து, உறவுக்கும் ஏழைக்கும் பங்கு வைப்பது. என்னிடம் இருப்பவை சினைப் பெட்டைகள். கிடா என்றால் உங்கள் ஓவர்சியர் மட்டும்தான். மற்றவர் ஆட்டை அகீகாவுக்கு அறுக்கக் கூடாது, உடையவர் மனமொப்பித் தர வேண்டும். அதற்காக உங்களிடம் கேட்க உட்கார்ந்தேன். கேட்கும்போது பழசையும் மறைக்க முடியவில்லை.

தாசில்தார் இல்லை அக்கா. மூன்று வருஷமாகிறது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பு சந்தைக்குப் போனான். சர்வேயரை, எங்கள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கறிக்கடைக்குக் கொடுத்தேன். கால்வாய்க் கரையில் நான் ஒருத்தி மேய்க்கும் மந்தையில் மூன்று கிடாக்கள் முட்டிக்கொண்டு நின்றால் பெட்டைகள் மிஞ்சாது. இதை உங்களுக்குச் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் கேட்டபோதெல்லாம் சுகம், சுகம் என்று எழுதினேன். இவர்கூட, “ஏட்டி, ஆட்டோட சேத்துப் பொய்யையும் எத்தன வருசம் மேய்க்கப் போற?” என்று கேட்டுவிட்டார்.

மேய்த்து அலுத்துவிட்டது அக்கா. மன்னித்துவிடுங்கள்.

ஜனாபா


அம்பாசமுத்திரம்
18.8.2025

ஜனாபாவுக்கு,

இல்லாத ஆட்டுக்கு மூன்று வருஷம் புண்ணாக்கு அனுப்பியிருக்கிறேன். அதை விடு. செத்த ஆட்டின் தாடியைப் பற்றி நான் எழுதும்போதெல்லாம் நீ வாசித்துவிட்டு என்ன நினைத்திருப்பாய்? சிரித்தாயா?

பேத்தி நன்றாக இருக்கட்டும். ஓவர்சியரை அனுப்பிவிடு. என் கிடாவை நானே வளர்த்துக்கொள்கிறேன்.

சொர்ணாம்பாள்


பத்தமடை
23.8.2025

டீச்சரக்கா,

இவர் லோடு ஆட்டோவில் கொண்டுவருகிறார். தவிட்டை ஊறவைத்துக் கொடுங்கள். கட்டுத்தறியைத் தாய் ஆட்டுக்குத் தள்ளிப் போடுங்கள். தாயாயிற்றே என்று அருகில் விட்டுவிட வேண்டாம்.

அகீகாவைத் தள்ளிவைத்திருக்கிறோம். ஏழாம் நாள் தவறினாலும் பிறகு கொடுக்கலாம்.

நான் சிரிக்கவில்லை அக்கா. ஒவ்வொரு தடவையும் உங்கள் கடிதத்தை மடித்துவிட்டு, மூன்று பங்குப் புண்ணாக்கையும் மிஞ்சியிருந்த கிடாவுக்கே போடுவேன்.

ஜனாபா


அம்பாசமுத்திரம்
27.10.2025

அன்புள்ள ஜனாபா,

இரண்டு மாதத்தில் நான் பாதியாகிவிட்டேன்.

முதல் வாரமே ஓவர்சியர் கயிற்றை அறுத்துக்கொண்டான். எழுதவே கூசுகிறது, பெற்ற தாய் என்றும் பார்க்கவில்லை. அவள் சினையாகிப் பால் வற்றிக்கொண்டு வருகிறது. வருகிற கொஞ்சமும் கிடாவின் மொச்சை வாடை அடிக்கிறது. அவர் ஒரு வாய் குடித்து டம்ளரைத் தள்ளிவிட்டார். “சொர்ணம், ஒண்ணு அந்தக் கிடா இங்கன இருக்கட்டும், இல்ல நா இருக்கேன். ரெண்டு பேருக்கும் இந்த வீடு தாங்காது” என்கிறார். துளசிச் செடி போயிற்று, பக்கத்து வீட்டுக் காந்திமதிநாதன் அண்ணாச்சி வேட்டி போயிற்று. மழையில் சமையலறை வாசலில்தான் கட்டுகிறேன். என் புடவை, என் தலைமயிர் எல்லாம் அதே நாற்றம்.

சும்மா வளர்க்க ஆள் கிடைக்குமா என்று தேடினேன். கோசாலையில் மாடுதான் எடுப்பார்களாம். வந்து பார்த்தவர்கள் எல்லோரும் அவன் முதுகைத் தடவிப் பார்த்து, “எத்தன கிலோ தேறும் டீச்சர்?” என்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

என்னால் முடியவில்லை. அசன் மைதீனை அனுப்பி அழைத்துப் போய்விடு. எதற்கு என்று நான் கேட்க மாட்டேன்.

உன் அக்கா,
சொர்ணாம்பாள்


பத்தமடை
2.11.2025

அன்புள்ள அக்கா,

நீங்கள் மெலிந்துபோனதாக எழுதியதைப் படித்து அழுகை வந்தது. மறுநாளே வண்டி பிடிக்கச் சொல்லி இவரை எழுப்பினேன். அப்புறம் நானே வேண்டாம் என்றுவிட்டேன்.

கிடாக்கள் சுகமா என்றுதான் கேட்டீர்கள், கடைசியில் எங்கே போகும் என்று கேட்டதில்லை; அதனால்தான் நான் பொய் சொல்லிப் பழகினேன். இன்னொரு தடவை அதற்கு எனக்குச் சக்தியில்லை. எதற்கு என்று கேளுங்கள். இல்லாவிட்டால் எதற்குத் தருகிறீர்கள் என்று நீங்களே எழுதுங்கள். அப்படி எழுதாமல் இவர் வரமாட்டார். உங்களுக்கு மனசு வராது என்றால் எனக்கு வருத்தமில்லை, அர்வாவுக்கு அல்லாஹ் வேறு ஆடு தருவான். ஆனால் நமக்குள் ஆடு என்ற பேச்சே அத்தோடு முடியட்டும்.

உங்கள் ஜனாபா


அம்பாசமுத்திரம்
9.11.2025

அன்புள்ள ஜனாபா,

நாலு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவளுக்கு ஒரு வரி எழுத வரவில்லை. உன்மேல் கோபமும் வந்தது. என்னைப் போய் இப்படி எழுதச் சொல்கிறாளே என்று.

நேற்று காலை கறக்க உட்கார்ந்தபோது அரை டம்ளர்கூடத் தேறவில்லை. அப்போதுதான் உறைத்தது. ஒவ்வொரு ஈற்றுக்கும் இவருக்குப் பால் கிடைத்தது, கூடவே ஒரு கிடாவும் பிறந்தது. பாலை நாங்கள் வைத்துக்கொண்டோம். கிடாவையும் கத்தியையும் உன்னிடம் தள்ளிவிட்டோம். பிறகு சுகமா என்று கேட்டு உன்னைப் பொய் சொல்லவும் வைத்தேன். என் கை சுத்தம் என்று நினைத்தேன் பார், அதற்கு வெட்கமாக இருக்கிறது.

ஓவர்சியர் என் ஆடு. உன் பேத்தி அர்வாவின் அகீகாவுக்கு அறுப்பதற்காக, நான், சொர்ணாம்பாள், மனமொப்பி அவனை உனக்குத் தருகிறேன். அசன் மைதீன் வரட்டும், கயிற்றை நானே அவிழ்த்துக் கையில் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரர் அவனுக்குத் தின்னக் கொடுக்க வாழைப்பழம் வாங்கி வைத்திருக்கிறார். அதுவரை அவனிடம் பேசிப் பழகாதீர்கள் என்று நான் சொன்னால் கேட்கிறாரா.

தாய் ஆடு தை மாதத்தில் ஈன்றுவிடும். இனி ஊர் வழக்கப்படியே பிரிப்போம். முதல் குட்டி உனக்கு, அடுத்தது எனக்கு, கிடாவோ பெட்டையோ. என் பங்குக் கிடாவை என்ன செய்தாய் என்று உள்ளதை உள்ளபடி எழுது. நான் வாசிப்பேன்.

உன் அக்கா,
சொர்ணாம்பாள்