மூக்குத்தி போட்ட தேசத்தாய்

கடைக்குள் இன்னும் கருங்கல் தூள் வாசனை போகவில்லை, பாய். எதிர்ச் சாரியில் கல்வெட்டுப் பட்டறை வைத்திருந்தாயே, அப்போது உன் சட்டையில் வரும் அதே வாசனை. நீ கண்ணை மூடிய பிறகு அது என் டீக்கடைப் பக்கம் வந்ததில்லை. போன திங்கட்கிழமை வந்தது. எட்டிப் பார்த்தால், மெட்ரோ வேலைக்காக இடித்த கொடிமேடையின் கல்லைத் தரையில் போட்டு, மெஷினோடு நிற்கிறார்கள். படத்தை மழித்துவிட்டு, புது மேடைத் திறப்பு விழாவுக்குப் பெயர்கள் வெட்டப் போகிறார்களாம்.

நீ செதுக்கிய கல். கொடி பிடித்த தேசத்தாய், காலடியில் அறுந்த சங்கிலி, ஒரு பக்கம் ஏர், ஒரு பக்கம் இயந்திரச் சக்கரம், பின்னால் சிங்கம். வியாபாரிகள் சங்கம் கேட்டது வெறும் கொடியைத்தான். மற்றதெல்லாம் நீயாக வெட்டிக் கொடுத்தது. நாடு எப்படி நிமிர்ந்தது என்று படிக்காதவர்களுக்கும் புரிய வேண்டும் என்றாய். என்னைத்தான் சொன்னாய், தெரியும்.

தாய்க்கு என்னைக் கேட்காமலே என் முகத்தை எடுத்துக்கொண்டாய், மூக்குத்தியோடு. வெட்கத்தில் நான் சிங்கத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னா பாய், சிங்கமா இது? பொறை பிஸ்கோத்து துண்ற நாய் மாரி கீது."

"உன் கடையாண்ட படுத்துகினு கீதே, அதப் பாத்துதான்க்கா வெட்னேன். சிங்கத்துக்கு நான் எங்க போவேன்?"

ஓரத்தில் உன் பெயரை வெட்டிக்கொள்ளச் சொன்னேன். "இடம் பத்தல" என்றாய். சிங்கத்தின் வாலுக்கு மட்டும் இடம் இருந்தது. அந்தக் கோபமும் எனக்கு உண்டு.

மெஷின்காரர் குனிந்ததும் ஓடிப்போய்க் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி பதறினார்.

"இன்னாம்மா, தேசத்தாய் மேல குந்திகினு கீற? மரியாத வாணாம்?"

"நீ மெஷின் வுட்டு மூஞ்சிய மழிக்கலாம், நான் குந்தக் கூடாதா? என் மூஞ்சி மேல நான் குந்துறேன். உனுக்கு இன்னா?"

அவர் கல்லைப் பார்த்தார், என் மூக்குத்தியைப் பார்த்தார், சங்கத் தலைவரைக் கூப்பிட்டார். வருஷா வருஷம் அந்தத் தாய்க்கு மாலை போட்டு, நாட்டுக்காக உயிரையும் கொடுப்பேன் என்று மைக்கில் கத்துகிறவர். "நல்ல கல்லும்மா, எதுக்கு வீணாக்கணும்?" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. கடைசியில், கல்லைத் திருப்பிப் பின்பக்கத்தில் பெயர்களை வெட்டுவது என்று முடிவானது. படம் மேடைச் சுவருக்குள் போய்விடும்.

"உன் மூஞ்சி உள்ள பத்திரமா இருக்கும், போம்மா" என்றார் தலைவர், தானம் கொடுத்தவர் போல.

நேற்று சிமெண்ட் வைத்துப் பதித்துவிட்டார்கள். ஏரும் சங்கிலியும் சிங்கமும் இருட்டில் கிடக்கின்றன. வெளியே தங்க எழுத்தில் பெயர்கள். ஒருவராவது உளி பிடித்தவர் இல்லை. "இன்னாக்கா, சிரிப்பையே காணோம்?" என்கிறார்கள் டீ குடிக்க வருகிறவர்கள். சர்க்கரை போல அதுவும் தீர்ந்துவிட்டது என்கிறேன்.

இந்த ரோட்டில் எந்தச் சுவர் நிலைத்து நின்றிருக்கிறது, பாய்? இதையும் ஒருநாள் இடிப்பார்கள். அன்றைக்குக் கடப்பாரையோடு முதல் ஆளாக நிற்பேன். அதுவரை நான் சமாதானமாகப் போவதாக இல்லை. உனக்குத்தான் கடைசிவரை கோபப்படவே தெரியவில்லை. உன் பங்குக்கும் நானே படுகிறேன்.