நான்காவது நாற்காலி

அன்புள்ள மகனுக்கு,

பிரான்சில் உன் கையால் பறித்த திராட்சையில் செய்த சோத்தேர்ன் என்ற இனிப்பு ஒயினை, என்னைக் கேட்காமல், நாம் கூலி வேலை செய்த வேதாசலம் வீட்டில் கொடுத்துவிட்டாய். அது தப்பு.

நேற்று டீக்கடையில் எல்லோர் முன்னாலும் அவர் சிரித்தார்.

"இன்னாபா, உன் புள்ள அழுவிப்போன திராட்சைல செஞ்சத குடுத்துட்டுப் பூட்டானே!"

"அழுவுனாத்தான் அது இனிக்கும்," என்றேன்.

நீ சொல்லாததை செல்போனில் எழுத்துக்கூட்டிப் படித்திருந்தேன். போர்தோ பக்கம் பூஞ்சை படர்ந்து சுருங்கிய செமியோன் என்ற வகைத் திராட்சையைத்தான் பொறுக்கிப் பறிப்பார்களாம். உப்புக் கரிக்கும் பாலாடைக்கட்டியோடு குடிப்பார்களாம். நம்மிடம் கருவாடு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் வாலாஜாபாத் மாமனார் வீட்டிலிருந்து வந்து, அவர் இன்னும் திறக்காத பாட்டிலைத் திரும்ப வாங்கு. அம்மா கருவாடு வறுப்பாள். நான் நான்கு நாற்காலி போடுவேன். நம் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்காத வேதாசலம் நான்காவதில் உட்கார வேண்டும். அவரை நீதான் அழைக்க வேண்டும்.

உன் நைனா