எந்தக் கட்சிக்காரர்?

அய்யா உண்டு.

அன்பு மகள் அஸ்வதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், டெல்லியில் நீயும் அப்படியே இருக்க அய்யாவை வேண்டிக்கொள்கிறேன். தினமும் போனில் பேசிவிட்டு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய், பொறுத்துக்கொள். போன் செய்யும்போது நீ எம்.பி. வீட்டு அலுவலகத்தில் ஆட்களுக்கு நடுவில் இருக்கிறாய், எனக்கும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு சாப்பிட்டியா என்று கேட்கத்தான் வாய் வருகிறது. இரண்டு குடும்பத்திலும் முதலில் பி.ஏ. முடித்தவள் நான், ஆனால் நான்கு பேர் முன்னால் பேச மட்டும் படிக்கவில்லை என்று அப்பா இன்னும் கேலி செய்கிறார். எழுதினால் கொஞ்சம் தைரியம் வருகிறது.

இங்கே மழை விடவில்லை, ரப்பர் வெட்ட முடியாமல் அப்பா வீட்டிலேயே இருக்கிறார். மலையை உடைக்கிற குவாரிக்கு மட்டும் மழையும் இல்லை வெயிலும் இல்லை. மத்தியானம் வெடி வைத்தால் அடுக்களைப் பாத்திரமெல்லாம் ஒருமுறை கலகலத்து அடங்கும். சுவர் பரவாயில்லை என்று உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேன், உண்மையில் அப்படி இல்லை. வெடிப்பு ஜன்னலைத் தாண்டி உத்திரம் வரை போய்விட்டது. அப்பா தென்னந்தடியால் முட்டுக் கொடுத்திருக்கிறார், நான் வெளியே ஓலைச் சாய்ப்பில் அடுப்புக் கூட்டிச் சமைக்கிறேன். பக்கத்து வீட்டு பகவதியம்மாள் மகன் வீட்டுக்கே போய்விட்டாள், பூட்டின வீட்டில் ஓடு விழுகிற சத்தம் மட்டும் கேட்கிறது.

குமாரதாஸ் வக்கீல் சார் குழித்துறையில் மருந்துக்கடை மாடியில் ஒற்றை அறையில் இருந்ததை நீ பார்த்திருக்கிறாய். கறுப்புக் கோட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் வருவார். குவாரி மேல் வழக்குப் போட நாம் போனபோது வீட்டுக்கே வந்து, வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்து, கட்டன்சாயா குடித்துக்கொண்டே, "இந்தச் செவரு எனக்க சாட்சியாக்கும் அக்கா, பூசிப்போடாதீங்க" என்றார். இதுவரை பூசவில்லை. அந்த வழக்கில் தடை வாங்கித் தந்த பிறகுதான் அவரை ஊர் ஊராக அழைத்தார்கள், டிவியில் மலையைப் பற்றிப் பேசினார், கட்சி கூப்பிட்டு மாநிலங்களவைக்கு அனுப்பியது. மக்களவை என்றால் ஓட்டுக் கேட்கவாவது நம் வாசலுக்கு வந்திருக்க வேண்டும், இதற்கு அதுவும் தேவைப்படவில்லை. சட்டம் படித்த உன்னைத் தன்னோடு வைத்துக்கொண்டார் என்று நாங்கள் பாயசம் வைத்தோம். சபையில் அவர் முதலில் பேசியதை நீதான் அனுப்பினாய், எழுதிக்கொடுத்ததும் நீதான் என்றாய். நம் சுவரைப் பற்றிச் சொன்ன இடத்தில் மேசையைத் தட்டினார்கள், அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே வாரத்தில்தான் குழித்துறை கோர்ட்டில் நம் வழக்கைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் பக்கம் எழுந்து நிற்க ஆளில்லை. தடை போயிற்று. நமக்கு யாரும் சொல்லவில்லை, வெடிச் சத்தம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

போன வாரம் அப்பா இங்கே உள்ள சாருடைய எம்.பி. ஆபீசுக்குப் போனார். வக்கீல் ஆபீசில் வழக்குக் கொடுத்தவரைக் கட்சிக்காரர் என்றுதானே சொல்வார்கள், அந்தப் பழக்கத்தில், "நான் சாருக்க கட்சிக்காரனாக்கும், பேரு தங்கப்பன், சொன்னா தெரியும்" என்றிருக்கிறார். வாசலில் இருந்தவன், "எந்தக் கிளை? கார்டு உண்டுமா?" என்று கேட்டிருக்கிறான். "கார்டு ஒண்ணும் இல்ல மக்கா, கேஸ் நம்பர் உண்டு" என்றாராம் இவர். உடனே அவன் உள்ளே பார்த்து, "ஏலே, இவருக்கு மேல கேஸ் எல்லாம் உண்டாம், அப்ப பெரிய கட்சிக்காரருதான், நாற்காலி போடு" என்று கத்த, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அந்த நேரம் உள்ளறைக் கதவைத் திறந்துகொண்டு தோளில் கட்சித் துண்டோடு வந்தது யார் தெரியுமா, நாம் வழக்குப் போட்ட அதே குவாரி முதலாளி. சிரித்தவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். "இவருதான் வோய் கட்சிக்காரரு, பாத்துக்கிடும்" என்று அவன் அப்பா காதில் சொன்னான். முதலாளி அப்பா தோளில் கை வைத்து, "என்ன தங்கப்பா, சொகந்தானா? செவரு எப்பிடி இருக்கு?" என்று விசாரித்துவிட்டுக் காரில் ஏறினார். அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் இருந்தார். கடைசியில், "நானும் சாரும் ஒரே கட்சிண்ணுல்லா ஏட்டி நெனச்சேன்" என்றார். நான் கோபப்பட்டிருந்தால்கூட ஆறியிருக்கும் அஸ்வதி, எனக்கு அவமானமாக இருந்தது. அந்த மனிதரை நம்பித்தானே உன்னையும் அனுப்பினோம்.

குளிர் தொடங்கும் முன்னே நல்ல கம்பளி ஒன்று வாங்கிக்கொள். தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி வேலை முடிந்து தனியாக ஆட்டோவில் வராதே. நேந்திரங்காய் வறுத்து வைத்திருக்கிறேன், யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். யார் முன்னாலும் தலை குனியாமல் நீ நீண்ட காலம் வாழ வேண்டும், அய்யா உன் கூடவே இருப்பார்.

இனி, கேட்க வந்தது. குலசேகரத்தில் ஒரு வக்கீல் அம்மா நம் வழக்கை எடுத்து, தடையைத் திரும்பக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் புது வக்காலத்துப் பத்திரத்தில் பழைய வக்கீல் சம்மதம் எழுதிக் கையெழுத்திட்டால்தான் தொடுவாராம். சம்மதம் இல்லாமல் கோர்ட்டில் மனுப் போட்டும் மாற்றலாமாம், ஆனால் எம்.பி.யோடு முட்ட அந்த அம்மாவுக்குப் பயம், குற்றம் சொல்ல முடியாது. சாருக்கு நாங்கள் போட்ட தபால் எதற்கும் பதில் இல்லை. நானும் அப்பாவும் கையெழுத்திட்ட வக்காலத்து இந்தக் கவரிலேயே இருக்கிறது. அதில் அவர் கையெழுத்தை நீதான் வாங்கி அனுப்ப வேண்டும். உன் வேலை என்னவாகும் என்று தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன். முடியாது என்றால் அதை அவர் வாயாலேயே உன்னிடம் சொல்லட்டும். கெஞ்சாதே மகளே. உட்காரச் சொல்லாவிட்டாலும் உட்கார்ந்து கேள்.

உன் அம்மா,
ஷீஜா