டிசம்பர் பூ பூத்துவிட்டது

என்னங்க, பல் விளக்கக் குழாயடிக்குப் போனால் கண்ணெல்லாம் ஊதா. உங்கள் டிசம்பர் செடி இலை தெரியாமல் பூத்திருக்கிறது. முதல் நாள் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தீர்களே, இந்தப் பூவைப் பார்க்கும் வரைக்குமாவது இருந்திருக்கக் கூடாதா?

குருசுக்குப்பத்துச் சிநேகிதர் வீட்டிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த குச்சி அது. பொங்கல் முடிந்ததும் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவீர்கள். ஆடிக்குப் பிறகு என்னைக் கத்திரியைத் தொடவே விடமாட்டீர்கள். நுனியில்தான் மொட்டு வருமாம்.

"வருசம் பூரா தண்ணிய குடிச்சிட்டு சும்மா நிக்குது, உங்களாட்டமே."

"பனி எறங்கட்டும்டி, அப்புறம் பேசு."

பனி இறங்கியதும் முதல் பூவைப் பறித்துவந்து, அடுப்படியில் நிற்கும் என் கொண்டையில் செருகுவீர்கள். வாசனையே இல்லாத பூவுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று திட்டிக்கொண்டே தலையைக் காட்டுவேன்.

உங்கள் கருமாதியன்று என் தலைகொள்ளாமல் பூவை வைத்தார்கள். வைத்த கையோடு எடுத்தும்விட்டார்கள். அதுதான் வழக்கமாம்.

நேற்று எதிர்வீட்டு மல்லிகா கிண்ணத்தோடு வந்தாள். வருடம் தவறாமல் என் கையால் பூ வாங்கிப் போகிறவள். நான் பறிக்கப் போனதும் பதறிவிட்டாள்.

"நீங்க இருங்கக்கா, நானே பறிச்சிக்கறேன்."

"ஏன், என் கையில என்னா?"

"அதுக்கில்லக்கா... பொண்ணுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்ல எதுனா சொல்லுவாங்க."

"இந்தச் செடிக்குத் தண்ணி ஊத்துறதே இந்தக் கைதான். கை வேணாம்னா பூவும் வேணாம், போ."

கேட்டைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். வெறுங்கிண்ணத்தோடு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். நீங்கள் இருந்திருந்தால் அவள் அப்படிச் சொல்லியிருப்பாளா?

பூவைப் பறிக்காமல் விட்டால் செடி சோர்ந்துபோகும் என்பீர்கள். அதனால் தினமும் பறிக்கிறேன். தாழ்வாரத்தில் உட்கார்ந்து நெருக்கமாகக் கட்டுகிறேன். கட்டியதைத் தலையில் வைத்துக்கொள்கிறேன். ஆமாம், வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வைத்த செடிதானே, யாரைக் கேட்க வேண்டும்?

இன்று காலை பால்காரர் மணியடித்தார். மல்லிகாவிடம் அவ்வளவு வாய் பேசியவள், பூவை அவசரமாக உருவி முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டுதான் போய்க் கேட்டைத் திறந்தேன்.