மூலை மடித்த பக்கம்

ஏற்காடு,
புரட்டாசி, ஞாயிறு.

அன்புள்ள தம்பி யுவராஜுக்கு,

அண்ணி சசிரேகா எழுதுகிறேன். அத்தையும் குழந்தை சிவரஞ்சனியும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் உங்கள் போர்வெல் லாரியில் வேலை செய்யும் வெள்ளக்கடை ஊர்க்காரர் சின்னையனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். லீவில் வந்தவரிடம் உங்கள் அண்ணனைப் பற்றிக் கேட்டேன். எனக்கொன்னும் தெரியாதுங்க, யுவராஜே சொல்லுவாருங்க என்றார். ஆற்று வெள்ளம் வந்து அவர் காணாமல் போன அன்றைக்கு அண்ணனின் பை நீங்கள் தங்கும் டவுன் ரூமில் இருந்ததாம், அது மட்டும் பத்திரமாக இருக்கிறதாம். கொடுத்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

நம் மூவருக்கும் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் நேற்றும் ஒரு படத்தைப் பற்றிப் போட்டிருந்தேன். எந்தப் படமானாலும் மூன்று வரிக்கு மேல் எழுதக்கூடாது என்று சட்டம் போட்டவர் உங்கள் அண்ணன். செத்துப்போனதாக ஊரே நம்பிய புருஷன் கடைசியில் திரும்பி வருகிற பழைய படம் அது. முன்பு பார்த்தபோது அழுதேன். இந்தத் தடவை எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் காத்திருந்தவள் தலையில் ஒரு நரை இல்லை. ஒரு நாளாவது அவள் வேலைக்குப் போனதாகக் காட்டவில்லை. நான் போட்டதை ஒருவர் மட்டும் பார்த்திருப்பதாகப் போன் காட்டுகிறது. அது நீங்கள்தான். படிக்கிறீர்கள், பதில் மட்டும் போடுவதில்லை.

நானும் எஸ்டேட்டுக்குக் களையெடுக்கப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கூட வேலை செய்கிறவர்கள் முதலில் என் நெற்றியைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் பொட்டு வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

அத்தை போன வாரம் எங்கள் கல்யாணப் போட்டோவைக் கழற்றிக்கொண்டு பஜாரில் செபாஸ்டின் ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார்கள். உங்கள் அண்ணன் தனியாக எடுத்துக்கொண்ட படம் ஒன்றுகூட இல்லையே. விஷயம் தெரிந்து ஓடினேன். அதற்குள் கம்ப்யூட்டரில் என்னை வெட்டி எடுத்திருந்தார் செபாஸ்டின். உங்கள் அண்ணன் கையைப் பிடித்திருந்த என் விரல்களும் வளையலும் மட்டும் மிச்சம் இருந்தன. இதையும் அழிச்சரட்டுங்களா என்று கேட்டார். அழிக்க வேண்டாம் என்றேன்.

அந்தப் படம் இப்போது பேப்பர் சுற்றிப் பீரோ மேல் இருக்கிறது. வரும் மகாளய அமாவாசைக்கு அதற்குப் பொட்டு வைத்து மாலை போட வேண்டும் என்கிறார்கள் அத்தை. எந்தத் திதி என்று தெரியாதவர்களுக்கு அமாவாசைதானாம். எத்தன நாளைக்குங் கண்ணு எம்பையன வெளக்கில்லாம வெச்சிருக்கறது என்று அழுகிறார்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை. உயிரோடு இருப்பவர் படத்துக்கு மாலை போட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. போன உயிருக்கு விளக்கு வைக்காமல் இருந்தாலும் பாவம்தானே. இரண்டில் எது என்று தெரியாமல் நான் எதைச் செய்ய?

உங்கள் அண்ணனை அந்த வேலைக்குக் கூட்டிப் போனது நீங்கள் என்பதால் என் முகத்தில் விழிக்கத் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். சாமி சத்தியமாக உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மாறி மாறி வேலை கேட்டு உங்களை நச்சரித்தது நாங்கள்தான்.

வாயால் சொல்ல முடியாவிட்டால் சொல்ல வேண்டாம். என்னுடைய தடிமனான நாவல் ஒன்றை அவர் எடுத்துக்கொண்டு போனார், ஞாபகம் இருக்கிறதா? இந்தக் கதையில் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஒருத்தனும் வேலைக்குப் போகவில்லை என்று குரூப்பில் எழுதியிருந்தாரே, அந்த நாவல். அது அந்தப் பையில்தான் இருக்கும்.

அவர் எங்கேயாவது இருப்பார் என்று உங்களுக்கு ஒரு துளி நம்பிக்கை இருந்தால், புத்தகம் அங்கேயே இருக்கட்டும். வந்து படித்து முடிப்பார். இல்லையென்றால் அமாவாசைக்கு முன்னால் கிடைக்கிற மாதிரி அனுப்பிவிடுங்கள். கூட ஒரு வரியும் எழுத வேண்டாம். படத்துக்கு நானே பொட்டு வைக்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். ஆற்றோரமாகப் படுக்காதீர்கள். அத்தைக்கு இனி நீங்கள் வேண்டும். முருகன் துணை இருப்பார்.

புத்தகத்தை அனுப்புவதானால், அவர் மூலை மடித்து வைத்திருக்கிற பக்கத்தை மட்டும் நிமிர்த்திவிடாதீர்கள் தம்பி. அங்கிருந்து நான் படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி,
சசிரேகா