கிடங்குக் கூரையின் முட்டைகள்

மே 4
மீன் கிடங்குக் கூரையில் நாற்பத்தொரு கடற்காகக் கூடுகள். பறவைக் கணக்கெடுப்புக்காக நான் போன வாரம் எண்ணியதில் ஒன்பது முட்டைகளை இன்று காணோம். ஓடுகூட இல்லை. முட்டைக்குக் கால் முளைக்காது. கூரைச் சாவி இரண்டே பேரிடம்: என்னிடம், காவலாளியிடம்.

மே 7
காவலாளி அறையில் முட்டை பொரித்த வாசம். கேட்டேன். "கடையில வாங்கினது மேடம். நீங்க மேல ஏறுற அன்னைக்குத்தான் குறையுது, பாத்தீங்களா?" என்கிறார். என்ன நெஞ்சழுத்தம். என் தலையிலேயே கட்டப் பார்க்கிறார்.

மே 8
இன்று கூரையில் ஒரு மணி நேரம். ஆணும் பெண்ணும் முறை வைத்து அடைகாக்கின்றன. மாற வரும் பறவை ஒரு புல்லையோ கயிற்றுத் துண்டையோ கூட்டில் வைத்துவிட்டுத்தான் உட்காருகிறது. நான் எழுந்தால் போதும், மொத்தக் கூட்டமும் கிளம்பிக் கத்தி, எச்சமிட்டு விரட்டுகிறது. வழக்கம்போல் குடையைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே எண்ணி முடித்தேன். இவ்வளவு பாசமான ஜீவன்களிடம் திருட எப்படித்தான் மனசு வருகிறதோ.

மே 12
முட்டை திருடுவது காவலாளிதான் என்று கிடங்கு அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இவர், "கட்டின புருஷன் பையையே கொட்டிப் பாக்குற ஆளு நீ. அந்த மனுஷன் பொழப்புல கை வைக்காத" என்றார். இவருக்கு ஏன் அவர்மேல் இவ்வளவு பரிவு?

மே 15
காவலாளியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்க்க முகம் இருந்தால்தானே.

மே 19
மேலும் ஏழு முட்டைகள் இல்லை. கள்ளச் சாவி போட்டு வைத்திருப்பார். நாளை கேமரா வைக்கிறேன்.

மே 23
பதிவைப் பார்த்தேன். மூன்று நாளில் கூரைக்கு ஏறிய ஆள் நான் ஒருத்திதான். குடை மேலே வருகிறது. எல்லாப் பறவைகளும் கிளம்புகின்றன. குடைக்குப் பின்னால் ஒன்று மட்டும் இறங்கி, பக்கத்துக் கூட்டு முட்டையைக் கவ்விக்கொண்டு பறக்கிறது. பிறகு இன்னொன்று. நான் குனிந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன் —

அந்த மனுஷன் சொன்னாரே. என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாரே. நான் என்ன பண்ணி வெச்சிருக்கேன்.

மே 24
அதிகாரிக்கு இரண்டாவது கடிதம். தவறு என்னுடையது என்று.

ஜூன் 1
காவலாளி திரும்பி வந்துவிட்டார். இனி பக்கத்துக் கட்டட ஜன்னலிலிருந்து தொலைநோக்கியில்தான் எண்ணிக்கை. முதல் குஞ்சு, தாயின் அலகிலுள்ள சிவப்புப் புள்ளியைக் கொத்தி இரை கேட்டது.

சாயங்காலம் என் கூரைச் சாவியை அவரிடம் நீட்டினேன். "நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

அவர் கையை நீட்டவில்லை. "எழுதிக் குடுங்க மேடம்" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.