நடக்காத சோதனைக்கு ஒரு பச்சைக் குறி

அனுப்புநர்:
திட்ட அட்டவணைப் பொறியாளர்,
அட்டவணைப் பிரிவு, மூன்றாம் தளம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
பொதுக் கட்டடங்கள் துறை, ஐந்தாம் தளம்.

பொருள்: குழந்தைகள் மருத்துவமனையின் புதிய கட்டடம் – தீயணைப்புக் குழாயின் அழுத்தச் சோதனை நடக்காமலேயே "முடிந்தது" எனப் பதிவாகியுள்ளது – நாளை மாலைக்குள் சோதனை நடத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: புதிய மென்பொருளுக்கு மாறுமுன் எல்லாத் திட்ட அட்டவணைகளையும் தணிக்கை செய்யச் சொல்லித் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி சுற்றறிக்கையின்படி முப்பத்தெட்டு அட்டவணைகளைத் தணிக்கை செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. முப்பத்தேழு முடிந்தன. எல்லாம் வழக்கமான குப்பைதான்: மாதக்கணக்கில் தொண்ணூற்றொன்பது சதவீதத்திலேயே நிற்கும் வேலைகள், ஓய்வுபெற்றவர் பெயரில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பணிகள். மீதமுள்ள ஒன்றைப் பற்றியதே இம்மனு.

2. மருத்துவமனைக் கட்டடத்தின் அட்டவணையில் "தீயணைப்புக் குழாய் – அழுத்தச் சோதனை" என்ற வரி பச்சையாக, நூறு சதவீதம் முடிந்ததாக உள்ளது. முடிந்த தேதியைப் பார்த்தேன். அஸ்திவாரம் தோண்டியதற்கு ஐந்து மாதம் முந்தைய தேதி. அதாவது, கட்டடமே இல்லாதபோது அதன் ஆறாம் மாடிவரை நாம் தண்ணீர் ஏற்றிப் பார்த்திருக்கிறோம்.

3. நேற்றுக் காலை நேரில் சென்றேன். குழாய் மேஸ்திரியை அங்கே எல்லோரும் 'பிரஷர் அண்ணன்' என்றே அழைக்கிறார்கள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "டெஸ்டா? பம்பே போன மாசம்தான் வந்து இறங்குச்சு தம்பி. உங்க ஆபீஸ் ஆள் வந்து பக்கத்துல நின்னாத்தான் நாங்க தண்ணி ஏத்தலாம். எப்ப கூப்பிடுவீங்கன்னு மாப்பிள்ளை வீட்டார் பார்த்துட்டுப் போன பொண்ணோட அப்பன் மாதிரி நானும் காத்துக்கிட்டு இருக்கேன்." அட்டவணையில் வேலை திறந்திருந்தால்தான் நம் அலுவலகத்திலிருந்து ஆள் போவார். அது மூடிக் கிடந்தது. யாரும் போகவில்லை.

4. நாளை வெள்ளி மாலை ஐந்து மணிக்குப் பழைய மென்பொருள் மூடப்படுகிறது. முடியாத வேலைகள் மட்டுமே புதியதற்குப் போகும். முடிந்தவை பூட்டப்பட்டுக் கிடங்குக்குப் போய்விடும். அதன்பின் இந்தச் சோதனை எவருடைய பட்டியலிலும் இராது. திங்கள் காலை நோயாளிகள் மாற்றப்படுகிறார்கள். ஐந்தாம் மாடிக்கு வருபவர்கள் பத்தொன்பது குழந்தைகள். தூக்கிக்கொண்டு படியிறங்க முடியாத நிலையில் உள்ளவர்கள்.

5. முடிந்ததாக மூடிய வரியைத் திறக்கப் பிரிவு மேலாளரின் ஒப்புதல் வேண்டும். அவரிடம் இருமுறை சொன்னேன். முதல்முறை, "எழுதிக் கொடு" என்றார். எழுதிக் கொடுத்தேன். இரண்டாம் முறை, "பச்சையா இருக்கிறதைப் போய்ச் சொறிஞ்சு புண்ணாக்காதே தம்பி. புது சாப்ட்வேர் வரட்டும், பார்த்துக்கலாம்" என்றார். புது சாப்ட்வேரில் பார்க்க அந்த வரியே இருக்காது என்பதைத்தான் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவர் அதைப் படிக்கவில்லை எனத் தெரிகிறது.

6. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் அக்கா அந்த ஐந்தாம் மாடிக்கு மாறும் வார்டின் செவிலியர். அதனால்தான் இவ்வளவு குதிக்கிறேன் என்று யாராவது சொன்னால், சொல்லட்டும். நேற்றுச் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். "நீ கம்ப்யூட்டர்ல டிக் போட்டா எனக்குக் குழாய்ல தண்ணி வந்துடுமாடா?" என்று கேட்டுவிட்டு, தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

7. இந்தப் பிழையைச் செய்தவர் யார் என்று தாங்கள் கேட்பீர்கள். நான்தான். வேலையில் சேர்ந்த இரண்டாம் வாரம், முன்பு கட்டிய வேறொரு மருத்துவமனையின் அட்டவணையை நகலெடுத்து இதற்கு வைக்கச் சொன்னார்கள். நகலெடுத்ததும் எல்லா வரிகளின் சதவீதத்தையும் சுழியாக்க வேண்டும். "தீயணைப்பு" என்ற தலைப்பின் கீழிருந்த வரிகள் திரையில் மடிந்து மூடியிருந்தன. கண்ணில் பட்டவற்றை மட்டும் சுழியாக்கினேன். மடிப்பை விரித்துப் பார்க்க ஒரு நொடி ஆகியிருக்கும். குழாயும் பம்பும் ஒப்பந்ததாரரின் வேலையாணையில் தனியே இருந்ததால் வந்து சேர்ந்தன. சோதனைக்கு நம் அட்டவணையை விட்டால் வேறு நாதியில்லை. அந்தப் பச்சைக் குறி பழைய கட்டடத்தினுடையது.

8. எனவே கோருவன:

(அ) நாளை காலை எட்டு மணிக்குச் சோதனையை நேரில் பார்க்க ஓர் அதிகாரியை அனுப்ப வேண்டும். நான்கு மணி நேரம் போதும் என்கிறார் மேஸ்திரி. அவருடைய ஆட்கள் தயார்.

(ஆ) குழாய் கசிந்தால், சரிசெய்து மறுபடி சோதிக்கும்வரை ஐந்தாம் மாடிக்கு ஒரு கட்டில்கூட ஏறக்கூடாது.

(இ) என்மீது எடுக்க வேண்டிய நடவடிக்கையைத் தாராளமாக எடுக்கலாம். அதைத் திங்களுக்குப் பிறகும் எடுக்கலாம். சோதனையைத் தள்ளிப்போட முடியாது.

தங்கள் அறைக்கு வெளியே உள்ள பெஞ்சில் இருக்கிறேன். மேலாளர் தேடினால் இங்கே இருப்பதாகச் சொல்லும்படி பிரிவில் சொல்லியிருக்கிறேன். மென்பொருள் மூட இன்னும் இருபத்தொன்பது மணி நேரம் உள்ளது.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
திட்ட அட்டவணைப் பொறியாளர்

இடம்: ஐந்தாம் தள வராந்தா
நாள்: 12, வியாழன், நண்பகல் 12 மணி

இணைப்பு:
1. அட்டவணையின் அச்சுப்படி, மடிப்பு விரித்தது.
2. பம்பு வந்திறங்கிய ரசீது.
3. தணிக்கைப் படிவம். "முடிந்ததாகக் குறித்த எல்லாப் பணிகளும் உண்மையில் முடிந்தனவா?" என்ற எட்டாம் கேள்விக்கு "ஆம்" என்று மேலாளர் பென்சிலில் குறித்துக் கொடுத்திருந்தார். அதை அழித்து, பேனாவால் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறேன்.